மீடியன் திறப்பில் விபத்து ஆய்வு: ஒரே செமஸ்டரில் எதை அளப்பது?

வைகைக்கரை_பாலா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. போக்குவரத்துப் பொறியியல், இரண்டாம் ஆண்டு. மேலூரிலிருந்து மதுரை வரும் நான்குவழிச் சாலையில், கிளைச்சாலை ஒன்று வந்து சேரும் மீடியன் திறப்பை (நடுத்திட்டில் வண்டிகள் குறுக்கே கடக்க விட்ட இடைவெளி) புராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன். சிக்னல் கிடையாது. இரண்டு பக்கமும் போலீஸ் பேரிகார்டு நிற்கிறது. டூவீலர், ஷேர் ஆட்டோ, டிரெய்லர் மாட்டிய டிராக்டர், டவுன் பஸ் எல்லாம் குறுக்கே கடக்கும். ராங் சைடில் வருகிறவர்களும் உண்டு.

கையில் இருப்பது ஒரு செமஸ்டர். விபத்து எண்ணிக்கையை வைத்து மாடல் போடச் சொல்கிறார் கைடு. ஒரே இடத்தில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் விபத்து இருக்கும். அதற்குப் பதில் வீடியோ எடுத்து, மோதாமல் தப்பித்த சம்பவங்களை அளக்கலாமா? எந்த அளவுகோல், கேமரா எப்படி வைப்பது, போலீஸ் தரவில் எதை எதிர்பார்க்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சாலைக்கணக்கு எழுதியது:

உங்க சந்தேகம் சரிதான் தம்பி. ஏழெட்டு விபத்தை வைத்துக்கொண்டு எண்ணிக்கைத் தரவுக்கான நெகட்டிவ் பைனாமியல் மாடல் போடுவது வீண் வேலை. அது ஐம்பது அறுபது இடங்களைச் சேர்த்து ஆராய்கிறவர்களுக்கு உள்ளது. இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. விபத்து கூடிப்போன வருடத்தைப் பார்த்து ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தால், யாரும் எதுவும் செய்யாமலே அடுத்த வருடம் எண்ணிக்கை இறங்க வாய்ப்பு அதிகம். சராசரிக்குத் திரும்புவதுதான் அது. அந்த இறக்கத்தைப் பேரிகார்டு வைத்த பலன் என்று எழுதிவிடுவார்கள்.

பி.இ.டி. (போஸ்ட் என்க்ரோச்மென்ட் டைம்) எடுங்க. முதல் வண்டி மோதல் பரப்பை (இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடம்) விட்டு முழுசாக வெளியேறிய நொடிக்கும், இரண்டாவது வண்டி அதே பரப்பைத் தொடும் நொடிக்கும் நடுவில் உள்ள நேரம். 1978-இல் ஆலனும் அவருடன் இருந்தவர்களும் முன்வைத்த அளவு. குறுக்கே கடக்கும் வண்டிகளுக்கு இதைவிடச் சுலபமான அளவு இல்லை. ஆனால் 'ஒரு நொடிக்குக் கீழே வந்தால் ஆபத்து' என்று மட்டும் கோடு போட்டு முடித்துவிடாதீங்க. நெரிசல் நேரத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வருகிற ஆட்டோக்களுக்குள் 0.8 நொடி சர்வ சாதாரணம். 80-இல் வருகிற காருக்கு 1.8 நொடிகூடப் பயங்கரம்.

அதனால் வேகத்தையும் சேர்த்துப் பாருங்க. முதல் வண்டி பரப்பை விட்டு விலகும் நொடியில் இரண்டாவது வண்டி இருக்கும் தூரம், அதன் வேகத்தைப் பி.இ.டி.யால் பெருக்கினால் வரும். அந்த வண்டி நிற்கத் தேவையான தூரம், வேகத்தின் வர்க்கத்தை வேகக் குறைப்பின் இரு மடங்கால் வகுத்தால் வரும். உராய்வு கெழு 0.35 என்று எடுத்தால் வேகக் குறைப்பு சுமார் 3.5 மீ/நொ². நிற்கத் தேவையான தூரம் இருக்கிற தூரத்தை விடக் கூடினால் அது தீவிரமான சம்பவம். கணக்கைச் சுருக்கினால் எல்லை வேகம் 7 பெருக்கல் பி.இ.டி. என்று வந்து நிற்கும். பி.இ.டி. 1 நொடி என்றால் மணிக்கு 25 கி.மீ., 1.5 நொடி என்றால் 38, 2 நொடி என்றால் 50. அதற்கு மேல் வேகத்தில் வந்த வண்டி பிழைத்தது நேரத்தால்தான், பிரேக்கால் இல்லை. ஓட்டுநர் சுதாரிக்கிற நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதை ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிடுங்க. வைவாவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வேகத்தை மோதல் பரப்புக்கு முன்னால் உள்ள 10 மீட்டரில் அளந்தால் போதும்.

பரப்பின் அளவில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லேன் அகலம் 3.5 மீட்டர் என்பதால் 3.5-க்கு 3.5 கட்டம் போடுவது வழக்கம். கார், பஸ்ஸுக்கு அது சரி. டூவீலர் அந்தக் கட்டத்தின் ஒரு ஓரமாகப் போய்விடும், அடுத்தது மறு ஓரமாக வரும். பாதைகள் தொட்டுக்கொள்ளவே இல்லை, ஆனால் பி.இ.டி. 0.3 என்று விழும். டூவீலர் சம்பந்தப்பட்ட சம்பவங்களுக்குக் கட்டத்தை நான்காகப் பிரித்து, இரண்டு வண்டியும் ஒரே கால் கட்டத்தில் சக்கரம் பதித்ததா என்று பார்த்து எழுதுங்க.

பி.இ.டி.க்குப் பிடிபடாத ஒன்றும் உண்டு. இரண்டாவது வண்டி டயர் தேயத் தேயப் பிரேக் அடித்து நின்று, பிறகு மெதுவாகக் கடந்தால் பி.இ.டி. 5 நொடி வரும். உண்மையில் அன்றைக்கு நடந்ததிலேயே மோசமான சம்பவம் அதுவாகத்தான் இருக்கும். ஆகவே திடீர் பிரேக், திடீரென்று லேன் விலகல் இரண்டையும் தனி நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்க. ராங் சைடு வண்டிகளுக்கும் பி.இ.டி. பொருந்தாது. அதற்கு எண்ணிக்கையும், எதிரே வந்த வண்டி ஒதுங்கியதா இல்லையா என்பதும் போதும்.

கேமரா. தரையிலிருந்து குறைந்தது 8 மீட்டர் உயரம் வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் ஒரு டவுன் பஸ் நின்றாலே பின்னால் உள்ளதெல்லாம் மறைந்துவிடும். பக்கத்து மாடி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நீட்டுகிற கம்பம், மூன்று பக்கமும் கயிறு கட்டி. காற்றில் கம்பம் ஆடினால் அளவு முழுக்கக் கெடும். சாலையில் 8 முதல் 10 குறிகளைச் சாக்பீஸாலோ வெள்ளைப் பெயிண்டாலோ போட்டு, டேப்பால் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமும் அளந்து வையுங்க. படத்தை நிஜ அளவுக்கு மாற்ற நான்கு குறி போதும். மிச்சம் உள்ளவை சரிபார்க்க. அவற்றில் 30 செ.மீ.க்கு மேல் பிழை வந்தால் திரும்ப அளக்க வேண்டியதுதான். லேன் கோட்டின் நீளத்தை நம்பி அளவு எடுக்காதீங்க, மறுபடி பெயிண்ட் அடிக்கும்போது நீளம் மாறியிருக்கும். இந்த மாற்றம் சாலைத் தளத்துக்கு மட்டும்தான் செல்லும் என்பதால் டயர் தரையைத் தொடும் இடத்தைத்தான் குறிக்கணும். பஸ்ஸின் கூரையைப் புள்ளியாக எடுத்தால் அடுத்த லேனில் போய் விழும்.

செல்போனில் எடுத்தால் கவனம். நிறைய போன்கள் ஃப்ரேம் வேகத்தைச் சீராக வைப்பதில்லை. வெளிச்சம் குறைந்ததும் 30 என்பது 20, 15 என்று இறங்கும். ஃப்ரேமை எண்ணி 30-ஆல் வகுத்தால் பி.இ.டி. தப்பாகத்தான் வரும். ஒவ்வொரு ஃப்ரேமின் நேர முத்திரையையும் எஃப்எஃப்புரோப் மென்பொருள் கொண்டு எடுத்து அதிலிருந்து கணக்கிடுங்க. ஒரு மணி நேரம் கழித்து வாட்ச்சைக் கேமரா முன்னால் காட்டிச் சரிபார்ப்பது அதைவிடச் சுலபம்.

---

மகஜர்வாசி எழுதியது:

போலீஸ் தரவு பற்றி மட்டும்.

மூன்று காலண்டர் வருடம் கேட்பீர்கள், ஏனென்றால் மத்திய அமைச்சகத்தின் கரும்புள்ளி வரையறை அப்படி: சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று வருடத்தில் உயிரிழப்பு அல்லது கொடுங்காயம் உள்ள 5 விபத்து, அல்லது 10 மரணம். இந்த மூன்று வருடத்துக்கு நடுவில் சட்டமே மாறியிருந்தால் தேடல் பாதியில் அறுந்துவிடும். 2024 ஜூன் 30 வரை இந்திய தண்டனைச் சட்டம் 279, 337, 338, 304ஏ. ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 281, 125(a), 125(b), 106(1). பழைய பிரிவை மட்டும் எழுதிக் கேட்டால் மாவட்டக் குற்ற ஆவணக் கூடத்திலிருந்து 2024 முதல் பாதியோடு பட்டியல் முடிந்து வரும். விபத்து குறைந்துவிட்டது என்று கிராஃப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பிரிவு மாற்றம். காயம் என்று பதிவான வழக்கில், ஆள் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் பத்து நாள் கழித்து இறந்தால் ஆல்டரேஷன் ரிப்போர்ட் போட்டு மரணத்துக்கான 106(1)-க்கு மாற்றுவார்கள். முதல் தகவல் அறிக்கையை மட்டும் எண்ணினால் அந்த மரணம் காயக் கணக்கிலேயே நின்றுவிடும். இறுதி அறிக்கையின் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

இடம்தான் பெரிய தலைவலி. எஃப்ஐஆரில் 'நிலையத்துக்கு வடகிழக்கே 4 கி.மீ.' என்று இருக்கும். உள்ளே புகாரில் டீக்கடை பேர், பெட்ரோல் பங்க் பேர். உங்கள் திறப்பு, அடுத்த திறப்பு இரண்டுக்கும் அதே ஊர்ப் பெயர்தான் எழுதியிருப்பார்கள். சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் கிடைத்தால்தான் எந்தத் திறப்பு, எந்தக் கேரேஜ்வே (ஒரு திசைக்கான சாலைப் பகுதி) என்று பிரிக்க முடியும். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய ஐராட் என்ற விபத்துத் தரவுத் தளம் வந்த பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகிறது. ஆனால் அதிகாரி சம்பவ இடத்தில் நின்று பதிந்தாரா, நிலையத்தில் உட்கார்ந்து பதிந்தாரா என்று பாருங்கள். ஐந்தாறு வழக்கின் புள்ளி நிலையத்து வாசலிலேயே விழுந்தால் தெரிந்துவிடும்.

சிறு இடிகள் சிஎஸ்ஆரோடு (நிலையத்தில் புகாருக்குத் தரும் ரசீது) முடிந்துவிடும், எஃப்ஐஆருக்கு வராது. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் சேர்த்து வாங்குங்கள். அதில் வண்டியின் எந்தப் பக்கம் நசுங்கியது என்று இருக்கும். யார் கடந்தார்கள், யார் நேரே வந்தார்கள் என்பதை எஃப்ஐஆரின் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்கிற அச்சு வாசகத்தை விட அந்த நசுங்கல் நன்றாகச் சொல்லும்.

மாநிலங்களை ஒப்பிட்டு முன்னுரை எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. 2022-இல் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105 விபத்து, 17,884 மரணம். அதே வருடம் உத்தரப் பிரதேசத்தில் 41,746 விபத்து, 22,595 மரணம். அங்கே மோதினால் இரண்டில் ஒருவர் சாகிறார் என்று பொருள் இல்லை. காய வழக்குகள் இங்கே கூடுதலாகப் பதிவாகின்றன என்பதுதான் பெரும்பகுதிக் காரணம் என்பது என் கருத்து.

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

வீடியோ, பி.இ.டி. எல்லாம் செய்யுங்க, வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி ஒரு நாள் டேப்பும் கையுமா இடத்துல நில்லுங்க. பாதிப் பதில் அங்கேயே கிடக்கும்.

முதல்ல மீடியன் அகலத்தை அளங்க. 4.5 மீட்டர்னு வைங்க. டூவீலர் ஒரு கேரேஜ்வேயைக் கடந்து நடுவுல நின்னு, மறுபக்கம் பார்த்துட்டுப் போகலாம். டிரெய்லர் மாட்டின டிராக்டர் ஒன்பதரை மீட்டர் நீளம். நடுவுல நின்னா ஐந்து மீட்டர் வால் பின்னாடி வேகமான லேன்லயே நீட்டிக்கிட்டு இருக்கும். ராத்திரி, டிரெய்லருக்கு ரிஃப்ளெக்டர் கிடையாது, மேல வைக்கோல் வேற. இதை எந்த ஃபார்முலாவும் போடாம கண்ணாலயே பார்க்கலாம்.

அப்புறம் பார்வைத் தூரம். ஐஆர்சி (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) கணக்குல 100 கி.மீ. வேகத்துக்கு நிறுத்தப் பார்வைத் தூரம் 180 மீட்டர், 80-க்கு 120. அது நேரா வர்றவனுக்கு. கடக்கறவனுக்குத் தனியாப் போடணும். ஏழு மீட்டர் சாலை, ஒன்றரை மீட்டர் ஷோல்டர், கூட டிராக்டர் நீளம்: மொத்தம் 18 மீட்டர். நின்ன நிலையிலிருந்து 0.5 மீ/நொ² முடுக்கத்துல கிளம்பினா எட்டரை நொடி ஆகும். 90-ல வர்ற கார் அதுக்குள்ள 210 மீட்டருக்கு மேல வந்துடும். டூவீலருக்கு நாலு நொடிக்குச் சற்று மேல, 105 மீட்டர். முடுக்கத்தை நீங்களே வீடியோவுல அளந்து மாத்திக்கங்க.

இப்ப மீடியன்ல நிக்கிற அரளியைப் பாருங்க. எதிர் லைட்டு கண்ணுல அடிக்காம இருக்கத்தான் நடறது. ஓட்டுநர் கண் உயரத்துக்கு ஐஆர்சி எடுக்கிற அளவு 1.2 மீட்டர். அரளி ஆளுயரத்துக்கு வளர்ந்து திறப்பு வரைக்கும் நெருங்கி நின்னா, நடுவுல காத்துக்கிட்டு இருக்கிற டூவீலர்காரன் தலை மட்டும்தான் தெரியும். அவனுக்கும் கார் தெரியாது. வண்டி மூக்கை லேனுக்குள்ள நீட்டித்தான் பார்ப்பான். அந்த மூக்கு எத்தனை மீட்டர் உள்ள வருதுன்னு அளந்து, அரளியை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு எடுங்க. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் எப்படியும் வெட்டுவார், தேதியைக் கேட்டு வெச்சுக்கங்க. காசில்லாம உங்களுக்கு ஒரு முன்–பின் ஆய்வு கிடைக்கும்.

பேரிகார்டைப் பத்தி: வேகத்தைக் குறைக்குது, உண்மை. ஆனா விளம்பரப் பலகை ஒட்டின பேரிகார்டு மூணு அடி உயரத்துக்குப் பார்வையை மறைக்கும். ரிஃப்ளெக்டிவ் டேப் உரிஞ்சு போனா ராத்திரி அதுவே விபத்துக்குக் காரணம். ஆய்வுல அதையும் ஒரு தடையாவே குறிங்க.

---

வைகைக்கரை_பாலா எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஓவர்சியர் ஐயா, அரளி யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

கைடிடம் பேசினேன். பி.இ.டி.க்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் 'கையால் எண்ணாதே, ஏஐ வைத்து எடு, பேப்பர் போடலாம்' என்கிறார். யோலோ (படத்தில் வண்டிகளைக் கண்டுபிடிக்கும் ஏஐ மாடல்) வைத்து நேரடியாகப் பி.இ.டி. எடுக்க முடியுமா? டிரோனில் எடுத்தால் மறைவுப் பிரச்சினை தீருமே? எத்தனை மணி நேரம் எடுப்பது என்பதிலும் தெளிவில்லை.

---

பைத்தான்_பாண்டி எழுதியது:

முடியும், ஆனா ஒரு செமஸ்டர்ல முழுசா நம்புற அளவுக்கு வராது நண்பா. ரெடிமேடா வர்ற யோலோ மாடல் கோகோ என்கிற பொதுப் படத் தொகுப்புல பழகினது. அதுல சைக்கிள், கார், மோட்டார் சைக்கிள், பஸ், டிரக் இருக்கு, ஆட்டோ கிடையாது. ஆட்டோவை ஒரு ஃப்ரேம்ல கார்னும் அடுத்த ஃப்ரேம்ல டிரக்னும் சொல்லும். குட்டி யானை, ஷேர் ஆட்டோ, டிராக்டர் கதையும் அதேதான். டூவீலர்ல மூணு பேர் போனா வண்டி ஒண்ணு, ஆள் மூணுன்னு நாலு பெட்டி போடும். ஆள் பெட்டி வண்டிப் பெட்டிக்கு மேல விழுந்தா அதைக் கணக்குல எடுக்காதேன்னு நீங்கதான் எழுதணும். ஐஐஐடி ஹைதராபாத் வெளியிட்ட ஐடிடி தரவுத் தொகுப்புல ஆட்டோ தனி வகையா இருக்கு, அதுல ஆரம்பிங்க. ஆனா அது கார் மேல கேமரா வெச்சு எடுத்தது. உங்க கேமரா மேலேருந்து பார்க்கும். உங்க வீடியோவிலிருந்தே ஆயிரம் ஆயிரத்து ஐநூறு படம் எடுத்துப் பெட்டி போட்டுக் கூடுதலாப் பழக்கினாத்தான் சரியா வரும். காலை, உச்சி வெயில், சாயங்காலம் மூணு வெளிச்சத்திலயும் படம் எடுங்க. உச்சி வெயில்ல நிழல் வண்டிக்கு அடியில, சாயங்காலம் வண்டியை விட நீளமா விழும். பெட்டி நிழலையும் சேர்த்துப் பிடிச்சா டயர் புள்ளி ஒரு மீட்டர் தள்ளிப்போகும்.

பஸ் குறுக்கே போனதும் பின்னாடி வந்த வண்டிக்கு மெஷின் குடுத்த அடையாள எண் மாறிடும். பி.இ.டி.க்கு உயிரே அந்த ரெண்டு மூணு நொடிதான், அங்கேயே அறுந்தா என்ன பண்றது? அதனால வண்டி எண்ணிக்கை, வகை, வேகம் மூணையும் மெஷின் எடுக்கட்டும். பி.இ.டி. 3 நொடிக்குக் கீழ வர்றதையும், எண் அறுந்த இடங்களையும் மெஷின் பட்டியல் போடட்டும். அந்தத் துண்டுகளை மட்டும் மனுஷன் ஃப்ரேம் ஃப்ரேமாப் பார்த்து உறுதி பண்ணட்டும். மெஷின் தவறவிட்டது எத்தனைன்னு தெரிய, ஏதாவது ஒரு மணி நேரத்தை முழுக்கக் கையால எண்ணுங்க. பேப்பருக்கும் அது கௌரவம்.

டிரோன்: 2021 டிரோன் விதிப்படி இயங்கும் விமான நிலையத்தோட சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள்ள தரையிலிருந்தே கட்டுப்பாடு. முன் அனுமதி இல்லாம ஏத்தக் கூடாது. அவனியாபுரம், மண்டேலா நகர் பக்கம் எடுக்கிறவங்களுக்கு அது பெரிய தடை. 8-லிருந்து 12 கி.மீ. வரை 200 அடி உயரம்தான். உங்க இடத்தை அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல முதல்ல பாருங்க. அனுமதி கிடைச்சாலும் பேட்டரி இருபது இருபத்தைஞ்சு நிமிஷம்; தலைக்கு மேல டிரோன் நின்னா கடக்கிறவங்க அண்ணாந்து பார்த்துட்டே நிப்பாங்க. நடத்தை ஆய்வுக்கு அது விஷம்.

---

சாலைக்கணக்கு எழுதியது:

மணி நேரம் பற்றி. மொத்த மணியை விட எந்த மணி என்பது முக்கியம். நாட்டு அளவில் விபத்து கூடுதலாக நடப்பது மாலை 6 முதல் 9 வரை. மாணவர்கள் எடுப்பதோ காலை 8 முதல் 10, மாலை 4 முதல் 6. வெளிச்சம் போனதும் கேமராவை மூடிவிடுகிறார்கள். இருட்டில் ஹெட்லைட் வட்டம்தான் பதிவாகும், டயர் தெரியாது என்பது உண்மைதான். ஹைமாஸ்ட் விளக்கு இருந்தால் ஷட்டரைக் கையால் பூட்டி எடுத்துப் பாருங்க. இல்லையென்றால் இருட்டு நேரத்துக்குப் பி.இ.டி.யை விட்டுவிட்டு, திடீர் பிரேக், ராங் சைடு, விளக்கில்லாத வண்டி மூன்றையும் இரண்டு பேர் நேரில் நின்று எண்ணட்டும்.

செவ்வாய், புதன், வியாழனில் எடுங்க. முகூர்த்த நாளைக் காலண்டரில் பார்த்து ஒதுக்கிவிடுங்க. அன்றைக்கு மண்டபத்து வேன்கள் ஓட்டத்தையே மாற்றிவிடும். பொங்கல் ஜல்லிக்கட்டு வாரமும் சித்திரைத் திருவிழா நாட்களும் வேண்டவே வேண்டாம்.

ஸ்பீடு கன் கிடைத்தால் தடையின்றி வரும் வண்டிகளை மட்டும் அளங்க, முன்வண்டியோடு குறைந்தது 5 நொடி இடைவெளி உள்ளவை. திட்ட விலக்கம் 10 கி.மீ., பிழை 1.5 கி.மீ., 95 சதவீத நம்பிக்கை என்றால் 171 வண்டி. இதை வண்டி வகை ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுக்கணும். எல்லாவற்றையும் கலந்து 171 எடுத்தால் பாதி டூவீலராக இருக்கும். கன்னை 20 டிகிரி கோணத்தில் பிடித்தால் 6 சதவீதம் குறைத்துக் காட்டும். சாலையோரம் 6 மீட்டர் தள்ளி நின்று 60 மீட்டர் தூரத்தில் அளந்தால் பிழை அரை சதவீதம்தான். மரத்துக்குப் பின்னாலோ நிழற்குடைக்குள்ளோ நில்லுங்க. கன்னைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்து எல்லாரும் பிரேக் அடிப்பார்கள்.

முடிவைச் சொல்லும்போது 'ஒரு மணிக்கு இத்தனை தீவிரச் சம்பவம்' என்று நிறுத்தாமல், கடந்த வண்டி ஆயிரத்துக்கு இத்தனை என்று வகைவாரியாகக் கொடுங்க. பிசியுவாக (ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்கிற அளவு) மாற்ற வேண்டாம். சாலை இடத்துக்குத்தான் பிசியு. டிராக்டரை நான்கு காராக எண்ணினால் ஆபத்துக் கணக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். அரிய சம்பவங்களைக் கணிக்கும் எக்ஸ்ட்ரீம் வேல்யூ தியரி போட்டு வருடத்துக்கு எத்தனை விபத்து என்று கணிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஆறேழு மணி நேர வீடியோவில் அதைச் செய்தால் நம்பிக்கை எல்லை பூஜ்யத்திலிருந்து நூறு வரை விரியும்.

ஓவர்சியர் அண்ணனோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. பேரிகார்டைத் தடையாக மட்டும் குறித்தால் ஆய்வு ஒருதலையாகிவிடும். பேரிகார்டுக்கு 200 மீட்டர் முன்னாலும், திறப்பிலும், தாண்டி 200 மீட்டரிலும் 85-ஆவது சதவீத வேகத்தை (85 சதவீத வண்டிகள் அதற்குள் போகும் வேகம்) எடுத்தால் அது எவ்வளவு குறைக்கிறது, எங்கே மறுபடி ஏறுகிறது என்று தெரியும். நெளிந்து போகும்போது கார் லேன் மாறிப் பக்கத்து டூவீலரை ஒடுக்குகிறதா என்பதையும் அதே வீடியோவில் பார்க்கலாம்.

---

பழைய ஓவர்சியர் எழுதியது:

சரி, மூணு இடத்துலயும் வேகம் எடுத்துட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை. ராத்திரி எட்டு மணிக்கும் ஒரு தடவை எடுங்க, பகல் கணக்கு ராத்திரிக்கு ஆகாது.

பாலா, குறி போடறதுக்கு முன்னாடி தேசிய நெடுஞ்சாலை ஆணையத் திட்ட அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கல்லூரி லெட்டர்பேடுல கடிதம் குடுத்து, நகல்ல சீல் வாங்கி வெச்சுக்கங்க. ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட் இல்லாம டேப் பிடிக்காதீங்க. அளக்கறவருக்கு 100 மீட்டர் முன்னாடி சிவப்புக் கொடியோட ஒரு ஆள் நிக்கணும். விடியற்காலை மாட்டுத்தாவணிக்குப் பூ, காய்கறி ஏத்திக்கிட்டு வர்ற வண்டி வேகமா வரும், அந்த நேரம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல அளங்க.